மறுவீட்டு டியூப்

சொன்னவள் சொல்லிவிட்டு டியூப் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். கேட்டவள் அடுத்த ஆளின் கையில் ஊசியை இறக்க வேண்டும். இறக்கினாள். சண்முகவடிவுக்கு இது கைப்பழக்கம். மனசு எந்தச் சந்தில் முட்டிக்கொண்டு நின்றாலும் கை தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துவிடும். பட்டையை இறுக்கு, பஞ்சால் துடை, விரலால் நரம்பைத் தேடு, குத்து. பாளையங்கோட்டையில் இந்த ஆஸ்பத்திரி ஒற்றை மாடியாக இருந்த காலத்திலிருந்து அவளுக்கு ரத்தம் எடுக்கிற வேலைதான். ஊரில் பாதிப்பேரின் நரம்பு அத்துப்படி, முகம்தான் மறந்துபோகும். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், “எம்மா, கொஞ்சம் மிச்சம் வையி, வீட்டுக்குப் போற வரைக்கும் வேணும்லா” என்றார். மாதாமாதம் வந்து மாதாமாதம் சொல்கிற அதே பகடி. வடிவும் வழக்கம்போல் சிரித்தாள். சிரிக்கும்போது உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது, வாய் அப்படிக் காய்ந்து கிடந்தது. பெனிட்டா என்ன சொன்னாள்? நேற்று மத்தியானம் லேப் டெக்னீஷியன் பால்துரைக்குப் பதிலாக உட்கார வைத்த புதுப்பெண், வேலை கற்றுக்கொள்கிற ஆசையில் கண்ணை விரித்துக்கொண்டு சொன்னாளே, அதை அப்படியே இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். “யக்கா, நேத்து சாயங்காலம் ஒரு கவுண்ட் வந்துச்சு பாருங்க, வெள்ளை அணு லட்சத்தைத் தாண்டிப் போயிட்டு. நான் புஸ்தகத்துல பாத்ததோட சரி. கண்ணபிரான் சார் ஸ்லைடு போட்டுப் பாத்துட்டு பிளட் கேன்சர்தான், சந்தேகமே இல்லன்னுட்டாவ. மரியபுஷ்பம்னு ஒரு அம்மா, நீங்கதான் ரத்தம் எடுத்திருக்கீய. பித்தப்பைக் கல்லு ஆபரேஷனுக்கு டெஸ்ட் எடுக்க வந்தவியளாம், பாவம். மொத டியூபை ஓட்டுனதுல நார்மல்னுதான் வந்திருக்கு. அப்புறம் பாத்தா அதே பேர்ல இன்னொரு டியூப் கெடக்கு. ஓட்டுனேன், அதுலதான் இப்படி. கம்ப்யூட்டர் பழசை அழிச்சிட்டுப் புதுசைத்தான எடுத்துக்கிடும். மொத டியூப்ல ரத்தம் கட்டி தட்டியிருக்கும்னு சார் சொல்லுதாவ. டாக்டர் ராத்திரியே அவியளுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாரு. இன்னைக்கு மறுபடி எடுக்க வாராவ.” அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. அந்த இரண்டாவது டியூபில் இருந்தது மரியபுஷ்பத்தின் ரத்தம் இல்லை, வடிவின் ரத்தம்.

இந்த இடத்தில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. மாப்பிள்ளை என்பது அறையின் மூலையில் நிற்கிற மெஷின். அது வந்திறங்கிய அன்று மாலை போட்டு, குங்குமம் வைத்து, மேனேஜர் கையால் தேங்காய் உடைத்தார்கள். அந்தச் சீராட்டைப் பார்த்து யாரோ வைத்த பேர் நிலைத்துவிட்டது. முன்பெல்லாம் ஆளைக் கேட்டு, பேரை எழுதி, டியூபில் ஒட்டுவது வடிவின் வேலை. இப்போது மேலே டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டினால், கீழே மாப்பிள்ளை எந்த மூடி போட்ட டியூப் வேண்டும் என்று தானே பொறுக்கி எடுத்து, பேரும் வயசும் கோடுகோடான பட்டையும் அச்சடித்த ஸ்டிக்கரைச் சுற்றி ஒட்டி, ஆளுக்கொரு சின்னத் தட்டில் போட்டுப் பெல்ட்டில் தள்ளிவிடும். தட்டு வடிவின் கைக்கு வரும்போது போர்டில் அந்த ஆளின் நம்பர் எரியும். மனுஷக் கை தப்பு பண்ணும், இது பண்ணாது என்று விற்க வந்தவன் சொன்னான். பண்ணவில்லைதான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் முறுக்கிக்கொள்ளும். ஸ்டிக்கர் சுருண்டு சிக்கினால் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அசையாமல் நிற்கும். திறந்து, சிக்கியதைப் பிய்த்து, பச்சைப் பொத்தானை அமுக்கினால் சமாதானமாகி, கடைசியாகப் போட்ட டியூபையே இன்னொரு தடவை போடும். ஒரே ஆள் பேரில் இரண்டு டியூப். அந்த இரண்டாவதுக்கு மறுவீடு என்று பேர். மறுவீட்டை உடனே சிவப்புத் தொட்டியில் போட வேண்டும் என்பது சட்டம். போடுவதில்லை என்பது வழக்கம். இங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு டெஸ்ட் எடுக்க வேண்டுமானால் ஆபீசில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துக்கு அலைய வேண்டும். அதற்குள் காய்ச்சலே அலுத்துப்போய் இறங்கிவிடும். அதனால் யாருக்காவது தலை சுற்றினால் தன் ரத்தத்தை ஒரு மறுவீட்டில் பிடித்துப் பால்துரையிடம் கொடுப்பார்கள். அவன் ஓய்ந்த நேரத்தில் ஓட்டி, முடிவை வாயால் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் அதை அழித்துப் பழைய முடிவைத் திருப்பி வைத்துவிடுவான். யாருக்கும் நஷ்டம் இல்லை, ஒருத்தருக்கும் தெரியாது. ஸ்வீப்பர் முதல் நர்ஸ் வரை எல்லாரும் பண்ணியதுதான். எல்லாரும் பண்ணியதுதான் என்று வடிவு இப்போது பஞ்சை எடுக்கும்போதும் சொல்லிக்கொண்டாள், பஞ்சைப் போடும்போதும் சொல்லிக்கொண்டாள்.

நேற்றுக் காலை மரியபுஷ்பத்தின் தட்டில் ஊதா மூடி டியூபைப் போடும்போதுதான் மாப்பிள்ளை முறுக்கியது. பொத்தானை அமுக்கினாள், இன்னொரு ஊதா வந்து விழுந்தது. அந்த அம்மாளிடம் எடுக்க வேண்டியதை எடுத்து அனுப்பிவிட்டு மறுவீட்டை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். காப்பி குடிக்கிற நேரத்தில் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, பட்டையின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து இழுத்து இடது கையில் கட்டி, வலது கையால் தன்னைத் தானே குத்தி எடுத்தாள். ஊர் முழுக்கக் குத்திய கைக்குத் தன் நரம்பைத் தேட இரண்டு தடவை தடவ வேண்டியிருந்தது. டியூப் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. மரியபுஷ்பம், நாற்பத்து மூன்று, பெண் என்று அதன் மேல் போட்டிருந்தது. நமக்கும் ஏறக்குறைய அதே வயசு. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்காமல் மாப்பிள்ளை நமக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டதே என்று நினைத்துத் தனியாகச் சிரித்தாள். சிரித்தாயே, பாவி, பஞ்சு மூட்டைக்கு நடுவில் நின்று பல்லைக் காட்டினாயே. லேபுக்குப் போனபோது பால்துரை மேஜையில் இல்லை. வள்ளியூரில் மாமனார் இறந்துவிட்டாராம், முகம் கழுவப் போயிருக்கிறான், கிளம்பப் போகிறான் என்றார்கள். அவன் மேஜையில் வழக்கமாக வைக்கிற ஓரத்தில் டியூபை வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டாள். எடுத்திருக்க வேண்டும். இன்றைக்கு ஆள் இல்லை, இன்னொரு நாள் பார்ப்போம் என்று பைக்குள் திருப்பிப் போட்டிருந்தால் இந்தக் காலை வேறு காலையாக இருந்திருக்கும். எடுத்திருந்தால் மட்டும் ரத்தம் மாறிவிடுமா? மாறாது. ஆனால் தெரியாமல் இருந்திருக்கும். தெரியாமல் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.

ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவன் உட்காரும் முன்னாலேயே அலறினான். “அக்கா ஊசி போடமாட்டாவ, சும்மா பாப்பாவ” என்று அவன் அம்மா கூசாமல் பொய் சொன்னாள். வடிவும் “ஆமா, சும்மா பாப்பேன்” என்றாள். அலறல் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது, அவளுக்கு அது எங்கேயோ பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல் இருந்தது. ஹீமோகுளோபின் குறைந்திருக்கும், அவ்வளவுதான் எதிர்பார்த்தாள். இந்த வயசில் பெண்களுக்கு வருகிற அசதி, மாதக் கணக்கு தப்புகிற காலம், முருங்கைக்கீரையைக் கூடக் கொஞ்சம் தின்றால் சரியாகும் என்று தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டவள். பல் தேய்க்கும்போது எச்சிலில் சிவப்பு வந்தது, பிரஷ்ஷை மாற்றினாள். தொடையில் கட்டிலே இடிக்காமல் கட்டில் இடித்ததுபோல் கன்றிப்போன நீலம், கட்டில்தான் இடித்திருக்கும் என்று கட்டிலை நகர்த்திப் போட்டாள். லேபுக்கு ஏறுகிற படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டபோது, செல்போனை எடுத்துப் பார்ப்பதுபோல் பாவனை பண்ணினாள். இதே அடையாளங்களை வேறொருத்தி வந்து சொல்லியிருந்தால், உடனே போய் ரத்தம் பாரு என்று விரட்டியிருப்பாள். நேற்று குத்திய இடத்தில் இப்போது இடது முழங்கை மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம் படர்ந்து கிடக்கிறது. காலையில் குளிக்கும்போது பார்த்துவிட்டு, தன்னைத் தானே குத்திக்கொண்டதில் ஊசி கோணலாகப் போய்விட்டது என்று நினைத்தாள். முழுக்கை ஜாக்கெட் எடுத்துப் போட்டுக்கொண்டாள். பையன் கையில் பஞ்சை அமுக்கிப் பிளாஸ்டர் ஒட்டினாள். அவன் விக்கிக்கொண்டே அவளை முறைத்தான். முறைக்கட்டும், அவனிடமாவது ஒரு பொய்தான் சொன்னாள்.

ஆறுமுகநயினாரிடம் என்ன சொல்வது? அவர் இந்நேரம் ஸ்கூல் வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மார்க்கெட் பக்கம் ஹார்ன் அடித்துக்கொண்டிருப்பார். நல்ல மனுஷன், ஆனால் வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று இன்றைக்கும் கேட்கிற மனுஷன். கேஸ் சிலிண்டர் பதிவு பண்ணினால் நம்பர் வடிவின் போனுக்குத்தான் வரும். அவள் இல்லாவிட்டால் அந்த நம்பர் யாருக்கு வரும்? இது என்ன கிறுக்கு யோசனை, ஆள் போய்விட்டால் சிலிண்டரா பெரிசு என்று தலையை உதறினாள். உதறினால் போகிற யோசனையா, திரும்பி வந்து அங்கேயே உட்கார்ந்தது. போனைத் திறக்கிற பாஸ்வேர்டுகூட அவருக்குத் தெரியாது, சொல்லிக் கொடுக்க வேண்டும். தர்ஷிணி பிளஸ் டூ. ராத்திரி வேதியியல் படித்துக்கொண்டே தூங்கிப்போவாள், முகத்தில் புத்தகத்தின் ஓரம் பதிந்திருக்கும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் கோபப்படுவாள், அவளுக்குப் பயம் கோபமாகத்தான் வரும். ஏம்மா முன்னாலேயே பாக்கல, ஊர் ரத்தத்தை எல்லாம் பாக்குதேல்லா என்பாள். என்ன பதில் சொல்வது? பரீட்சை முடிகிற வரைக்கும் சொல்லாமல் இருக்கலாம். பரீட்சை வரைக்கும் இருப்போமா? லட்சத்தைத் தாண்டியவர்களை வடிவு பார்த்திருக்கிறாள். வார்டுக்குப் போய்த் தினமும் ரத்தம் எடுத்திருக்கிறாள். முதல் வாரம் அவர்கள் பேர் கேட்பார்கள், வீடு எங்கே என்று கேட்பார்கள். பிறகு கையை மட்டும் நீட்டுவார்கள். பிறகு ஒரு நாள் மாப்பிள்ளை அவர்கள் பேரில் டியூப் போடாது. அதை யாரும் வந்து சொல்வதில்லை, தட்டு வரவில்லை என்பதை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். மருந்தில் பிழைத்து நடந்து போனவர்களும் உண்டு, உண்டு, அவர்களை நினை என்று மனசை அதட்டினாள். ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால் ஒன்றுமே செய்ய வேண்டாம். இது தோன்றியதும் வடிவுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தோடேயே மேலே யோசித்தாள். மரியபுஷ்பம் வருவாள். வடிவு ரத்தம் எடுப்பாள். அது நல்ல ரத்தம், நார்மல் என்று வரும். நேற்று என்னமோ குளறுபடி, மெஷினைச் சரிபார்க்கச் சொல்லுங்கள் என்று கண்ணபிரான் சார் யாரையாவது திட்டுவார், டாக்டர் அந்த அம்மாளின் முதுகில் தட்டிக் கொடுத்து அனுப்புவார், கதை முடிந்தது. ஒரு வாய் திறக்க வேண்டாம். போன வருஷம் மறுவீட்டில் கணவன் ரத்தத்தைப் பிடித்து மாட்டிக்கொண்ட ஒரு நர்ஸ் பெண்ணைப் பாதி டியூட்டியில் ஏப்ரனைக் கழற்ற வைத்து வாசல் வரை செக்யூரிட்டியோடு அனுப்பினார்கள். வாயைத் திறந்தால் இந்த வேலை போகும், கூடவே அந்த வியாதியும் தன்னுடையதாகிவிடும். திறக்காத வரைக்கும் அது இன்னொருத்தி பேரில் இருக்கிறது. வேறு ஊரில், வேறு லேபில், யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கே போகலாம். நாளைக்கு வேண்டாம், தர்ஷிணிக்கு மாதிரித் தேர்வு, அடுத்த வாரம். இப்படியே அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த யோசனை இதமாக இருந்தது. அந்த அம்மாளுக்கு என்ன, ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் பயந்திருப்பாள், முடிவு வந்ததும் தெளிந்துவிடுவாள். ராத்திரி போன் போட்டுச் சொன்னார்களே. அப்படியானால் ஒரு ராத்திரி முழுக்க. அந்த ராத்திரி வடிவு என்ன செய்தாள்? இட்லி மாவை ஆட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, சீரியல் பார்த்து, வாய் பிளந்து தூங்கினாள். தன் சாவை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டுத் தூங்கியிருக்கிறாள்.

இதற்கு நடுவில்தான் அந்த இன்னொரு நினைப்பு வந்தது. முதலில் எட்டிப் பார்த்தது, பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டது. பால்துரை கிளம்புவதற்கு முன்னால் தன் மேஜையில் இருந்த மறுவீட்டை ஓட்டியிருந்தால்? முகம் கழுவிவிட்டு வந்தவன், நம்ம ஆள் யாரோ வச்சிருக்காவளே என்று போகிற அவசரத்திலும் மெஷினில் வைத்திருந்தால்? அவன் அப்படிப்பட்டவன்தான். அந்த முதல் நார்மல் வடிவின் நார்மல். மரியபுஷ்பத்தின் சொந்த டியூப் எங்கேயோ தட்டில் பின்தங்கி, சாயங்காலம் பெனிட்டா கையில் கிடைத்திருக்கிறது. அப்படியானால் லட்சம் அவளுடையது. அவளுடையதுதான், அவள் பேர்தானே போட்டிருக்கிறது, மாப்பிள்ளை தப்பு பண்ணாது. வடிவுக்கு மூச்சு ஒரு நிமிஷம் முழுசாக உள்ளே போய் வந்தது. அப்படியே இருக்கட்டும், சங்கரன்கோவில் தாயே, அது அவளுடையதாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டியது காதில் விழுந்த பிறகுதான் என்ன வேண்டினோம் என்று புரிந்தது. நேற்று அந்த அம்மா இந்த நாற்காலியில் உட்கார்ந்து, கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, மகன் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை விருந்துக்கு ஆட்டுக்கறி ஒரு பிடி பிடிக்கணும் என்று சிரித்தாள். அவள் சாகட்டும் என்று கேட்டிருக்கிறாய். தெரியாமல் கேட்கவில்லை, தெளிவாகக் கேட்டாய். நர்ஸைக் கூப்பிட்டு இரண்டு நிமிஷம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்ப் பால்துரைக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, அடித்தது, எடுத்தான். பின்னால் கொட்டும் சங்கும். “யக்கா, இப்பத்தான் தூக்குதாவ, சத்தமா சொல்லுங்க.” “துரை, நேத்து உன் மேசையில ஒரு மறுவீடு வச்சேன், ஓட்டுனியா?” “என்னது? எதுக்கா? கேக்கலையே.” ஒரு பொம்பளை ஓங்கி ஒப்பாரி வைத்தாள். சாவு வீட்டில் நிற்கிறவனிடம் இன்னொரு தடவை கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. “ஒண்ணுமில்ல, நீ பாரு” என்று வைத்துவிட்டாள். கேட்காமல் போனது ஒருவிதத்தில் நல்லதாகவும் பட்டது. இல்லை என்று அவன் சொல்லவில்லையே.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது பெல்ட்டில் தட்டு வந்துகொண்டிருந்தது. ஊதா மூடி. மரியபுஷ்பம், நாற்பத்து மூன்று, பெண். போர்டில் நம்பர் எரிந்தது. முன்னால் அவள் வந்தாள், பின்னால் அவள் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு கணவன் வந்தான். நேற்று வந்தவளா இவள்? முகம் வீங்கி, கண் இடுங்கி, தலை வாராமல் கட்டியிருந்தாள். ஜாக்கெட்டை உள்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தாள், தோளில் தையல் நூல் தொங்கியது. வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும் அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. “நீங்கதான நேத்தும் எடுத்தீய. நீங்களே எடுங்கக்கா, உங்க கை வலிக்கவே இல்ல” என்று சொல்லிக்கொண்டே மரியபுஷ்பம் கையை நீட்டினாள். வடிவு பட்டையைக் கட்டினாள். பஞ்சை எடுத்தாள். முழங்கை மடிப்பில் நேற்று தான் குத்திய இடத்தைத் தேடினாள். இருந்தது, கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி. சுற்றிலும் தோல் சுத்தமாக இருந்தது. ஒரு இம்மி கன்றவில்லை. லட்சத்தைத் தாண்டிய ரத்தம் உள்ள கையில் ஊசி போனால் எப்படி இருக்கும் என்று வடிவுக்குத் தெரியும், அது அவள் ஜாக்கெட் கைக்குள் இருக்கிறது. இனிப் பால்துரையைக் கேட்க வேண்டியதில்லை. வேண்டிக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. உள்ளே சாத்தியிருந்த கதவு திறந்துகொண்டது, வெளியே ஒன்றுமே இல்லை. குத்து, எடு, அனுப்பு, பேசாமல் இரு என்று கை சொன்னது. ஊசியின் மூடியைக் கழற்றினாள்.

“யக்கா” என்றாள் மரியபுஷ்பம். “ஒண்ணு கேப்பேன். இது மாறிப் போயிருக்குமா? வேற யாருக்கோ உள்ளது எம் பேர்ல வந்திருக்குமா? அப்படி நடக்குமாக்கா?”

“புஷ்பம், சும்மா இரி” என்றான் கணவன். “மெஷின் ஒட்டுனது மாறவே மாறாதுன்னு டாக்டரே சொல்லிட்டாருல்லா. அவியள ஏன் சங்கடப்படுத்துத?” சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“மாறிட்டுன்னு மட்டும் சொல்லுங்கக்கா. பொய்யாச்சும் சொல்லுங்க. இந்த ஊசி குத்துத வரைக்கும் நம்பிக்கிடுதேன். ராத்திரி பூரா அதையேதான் கேட்டேன், மாதாகிட்ட வேற எதுவும் கேக்கல, யாருக்கோ உள்ளதா இருக்கட்டும்னு கேட்டேன். அது பாவம்தான். வேற என்னத்தக் கேக்கச் சொல்லுதீய?”

இவளும் கேட்டிருக்கிறாள். அதே வார்த்தை. இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஒருத்தியை ஒருத்தி சாகக் கேட்டிருக்கிறோம், அவளாவது யாரென்று தெரியாமல் கேட்டாள். வடிவு ஊசியைத் தட்டில் வைத்தாள். பட்டையை அவிழ்த்தாள். பிடித்திருந்த ரத்தம் கைக்குள் இறங்கி ஓடுவதை அவள் விரல் உணர்ந்தது.

“மாறிட்டு” என்றாள்.

மரியபுஷ்பம் அவளையே பார்த்தாள். “பொய்தான சொல்லுதீய?”

“இல்ல, நெசமாவே மாறிட்டு. நேத்து உங்க பேர்ல ரெண்டு டியூப் போச்சு. மொதல்ல ஓட்டுனதுல நார்மல்னு வந்துச்சு, அதுதான் உங்களுக்கு உள்ளது. ரெண்டாவது டியூப்ல இருந்தது உங்க ரத்தம் இல்ல. உங்களுக்கு ஒண்ணும் கெடையாது. மெஷின் மாத்தல, நான்தான் மாத்துனேன். யார் கேட்டாலும் சொல்லுதேன்.”

கணவன் கைப்பையோடு அப்படியே தரையில் குந்தி, முகத்தை மூடிக்கொண்டு, ஆம்பளை அழக்கூடாத அழுகையை அழுதான். மரியபுஷ்பம் “மாதாவே” என்று ஒரு சத்தம் போட்டாள், வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். திட்டுவாள், அடிப்பாள், மேனேஜரைக் கூப்பிடுவாள் என்று வடிவு காத்திருந்தாள். அவள் வடிவின் இரண்டு கையையும் பிடித்து இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சிரித்தாள், மூக்கு ஒழுகியது, ஒழுகிய மூக்கோடே சிரித்தாள். “நல்லாருப்பீய, நீங்க நல்லாருப்பீயக்கா, நூறு வருஷம் நல்லாருப்பீய” என்றாள். இத்தனை சந்தோஷத்தை இவ்வளவு பக்கத்தில் வடிவு பார்த்ததே இல்லை. அதன் சூடு அவள் கையிலும் ஒட்டியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கும் யாரோ பிழைத்துவிட்டார்கள் என்றுதான் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மரியபுஷ்பம் சட்டென்று நிறுத்தினாள். “அய்யோ, அப்ப அது யாருக்கு உள்ளதுக்கா? அவியகிட்டச் சொல்லணும்லா. ஒண்ணுந் தெரியாம எங்கேயோ சிரிச்சிட்டுத் திரியுவாவளே. பாவம், அவியளுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றாள் வடிவு. பெனிட்டா சொன்னதிலிருந்து எத்தனை தடவை சுற்றிச் சுற்றி வந்தும், அந்த ஒரு வார்த்தையை அவள் தனக்குள்கூட முழுசாகச் சொல்லிப் பார்க்கவில்லை. “எனக்கு உள்ளது.”

மரியபுஷ்பத்தின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு இருந்தாள். பிடித்த கையை மட்டும் விடவில்லை. வெளியே யாரோ, நம்பர் மாறவே மாட்டேங்குதே என்று சலித்துக்கொண்டார்கள். மரியபுஷ்பம் நாற்காலியிலிருந்து எழுந்து, வடிவின் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்தாள். தரையில் இருந்த கணவனிடமிருந்து கைப்பையை வாங்கி, உள்ளே துழாவிப் போனை எடுத்தாள்.

“வீட்டுல யாரைக் கூப்பிடணும்? நம்பர் சொல்லுங்கக்கா” என்றாள்.

அப்போதுதான் வடிவுக்கு அழுகை வந்தது.